கமெண்டரிக்காரர் வீட்டில் இருக்கிறார்

ஜனவரி 24

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நஸ்ரின் சொன்னதால் இதை எழுதத் தொடங்குகிறேன். "அக்கா, அவங்க என்னென்ன வார்த்தை சொல்லுதாங்கன்னு அன்னன்னைக்கு எழுதி வையுங்க. அப்பதான் முன்னேற்றம் தெரியும்" என்றாள். ஜாக்கெட் அளவு தவிர நான் எதையும் எழுதி ரொம்ப நாளாகிறது. இது உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பூச்சிமருந்தின் பெயர் போட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பெயர் உச்சிமாகாளி. சுரண்டையைச் சுற்றி எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். கமெண்டரி மாகாளி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டம் சுமாராக இருந்தால்கூட இவர் பேச்சைக் கேட்கவே கூட்டம் உட்கார்ந்திருக்கும். நான் ஆவுடை, வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பொங்கல் கழிந்து நடந்த போட்டியில் அரையிறுதி. வெயில் இன்னும் இறங்கவில்லை. ரைடு போன பையன் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டியிருக்கிறான். இவரும் மைக்கில் கூடவே பாடியிருக்கிறார். பையன் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகும் இவர் நிறுத்தவில்லை. கபடி கபடி கபடி என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். கூட்டம் ஏதோ காமெடி என்று கைதட்டி விசிலடித்திருக்கிறது. அப்புறம் மைக் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது.

மைக்செட் தங்கமாரி எப்போதும் அவர் கூடவே திரிகிறவன். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் பந்தலுக்குப் பின்னால் படுக்கப் போட்டிருக்கிறான். வெயில் மயக்கம் என்று நினைத்தானாம். பொழுது சாய்ந்த பிறகுதான் எனக்கு போன் வந்தது.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

இன்று சொன்ன வார்த்தை: கபடி.

ஜனவரி 26

டாக்டரம்மா என்னைவிட இளையவள். கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரிப்போர்ட்டைப் புரட்டினாள்.

"பிரஷர் இல்ல, சுகர் இல்ல, கொழுப்பும் சரியா இருக்கு. நாப்பத்திரண்டு வயசு. மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஏன் அடைக்கணும்? எதாவது பழக்கம் உண்டாம்மா?"

"டீ குடிப்பாவ. நெறய."

"டீயால இது வராது. பீடி, சிகரெட்?"

"எப்பமாச்சும் ஒரு பீடி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்."

அவள் ரிப்போர்ட்டை மூடினாள். "வெயில் மயக்கம்னு நெனச்சு இவ்வளவு நேரம் படுக்க வச்சிருந்தாங்களா? வாய் கோணியிருந்ததை யாரும் பாக்கலையா? சீக்கிரம் வந்திருந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருக்கிறார். தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு போலீஸ் பூத் இருக்கிறது. அதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று: கபடி.

பிப்ரவரி 3

வீட்டுக்கு வந்துவிட்டோம். தெருவே எட்டிப் பார்த்தது. கம்பை ஊன்றி ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார். லுங்கி நிற்கவில்லை என்று இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். முறைத்தார். "அழகாத்தான் இருக்கு, முறைக்காதிய" என்றேன்.

சோறு வலது கன்னத்துக்குள் ஒதுங்கிவிடுகிறது, அவருக்குத் தெரிவதில்லை. விரலை விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. மூன்று ஜாக்கெட் பாக்கி. ஊக்கு மட்டும்தான் வைக்க வேண்டும், அதற்குக்கூட உட்கார முடியவில்லை.

எதைக் கேட்டாலும் கபடி. தண்ணீர், மூத்திரம், ஃபேன் எல்லாம் கபடி. ஆனால் பிரித்துப் பார்க்கப் பழகி வருகிறேன். இழுத்துச் சொன்னால் பசி. வெட்டிச் சொன்னால் கோபம். கடைசியில் தூக்கிக் கேள்வி மாதிரி முடித்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அர்த்தம்.

பிப்ரவரி 9

மேலத்தெரு மகராசி துணி கொடுக்க வந்தவள், "அக்கா, இதப் பாத்தியளா" என்று போனை நீட்டினாள். அவர் மைக்கில் கபடி கபடி என்று நிறுத்தாமல் சொன்னதை எவனோ படம் பிடித்திருக்கிறான். மேலே சிரிக்கிற பொம்மைகளைப் போட்டு, கமெண்டரி மாகாளி காமெடி என்று ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு விஷயம் தெரியாது, பாவம். துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தைக்க நேரமில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 12

இதை நஸ்ரினிடம் காட்டப்போவதில்லை.

போட்டி முடிந்து வீட்டுக்கு வருவார். சில நாள் வாயே திறக்க மாட்டார். சட்டையை மாட்டுவார், சாப்பிடுவார், படுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் கொட்டிவிட்டு எனக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் வருகிறாரே என்று ஆத்திரமாக வரும். தட்டை டொக் என்று வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் பக்கமே திரும்ப மாட்டேன்.

சில நாள் வாசலிலேயே சிரிப்புக் கேட்கும். கண் சிவந்திருக்கும். அன்றைக்குச் சாப்பிட உட்கார மாட்டார், அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கரண்டியை மைக் ஆக்கிக்கொள்வார்.

"இதோ களத்துல எறங்கிட்டா சுரண்டை எக்ஸ்பிரஸ் ஆவுடை! மாவ ஊத்துதா... சுத்துதா... எண்ணெய விடுதா... ஓரத்தத் தூக்குதா! கல்லு விடமாட்டேங்கு! ஆவுடை விடுவாளா? ஏ, புடிச்சுட்டா பாருங்க, முழுத்தோசை! சூப்பர் பாயிண்ட்!"

நான் சிரித்துச் சிரித்து அடுத்த தோசையைக் கருக விட்டுவிடுவேன். "ஆவுடை அவுட்டு" என்று சொல்லி அந்தக் கருகின தோசையை அவரே எடுத்துத் தின்பார். என்னை அப்படிச் சிரிக்க வைக்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

சட்டையில் ஒரு வாசனை இருக்கும். பந்தலில் சாம்பிராணி போட்டார்கள் என்று ஒரு தடவை சொன்னார். நானும் சரி என்றேன். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் குரல் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

பிப்ரவரி 13

இன்றும் கபடிதான்.

பிப்ரவரி 20

அவருடைய மைக் பையைத் துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். ஜிப்பைத் திறந்து, உள்பையில் கைவிட்டு, அதற்கும் உள்ளே இருக்கிற சின்னப் பையில் விரலை விட்டேன். அந்தச் சின்னப் பை நான் தைத்துக் கொடுத்ததுதான். பேட்டரி வைக்க என்று கேட்டார். பேட்டரிக்கு எதற்கு இவ்வளவு ஒளிவு மறைவு என்று கேட்காமல்தான் தைத்தேன்.

பேப்பரில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது, கட்டைவிரல் அளவுக்கு. மூக்கருகில் கொண்டு போனேன். அவர் வாசலில் வந்து நின்று சிரிக்கிற மாதிரியே இருந்தது.

நாளைக்குத் தூரப் போட்டுவிட வேண்டும். இப்போதைக்கு ஊக்கு டப்பாவில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 27

ஆஸ்பத்திரி. அவரை நஸ்ரினிடம் விட்டுவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"நான் பொதுவாத்தான் சொல்றேன். சின்ன வயசுல இப்படி வந்தா நாங்க கஞ்சாவைப் பத்திக் கேட்போம். அது புகைச்ச கொஞ்ச நேரத்துல இதயம் தாறுமாறா ஓடும். ரத்தக்குழாய் சுருங்கும். சிலருக்கு மூளைல அடைக்கும், சிலருக்கு நெஞ்சுல. எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும்னு முன்னாடியே சொல்லவும் முடியாது. ஆனா ஒரு தடவை வந்தவங்க மறுபடி அதைத் தொடவே கூடாது. அடுத்த தடவை உயிரோட திரும்புவாங்கன்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

"மூலிகைன்னுல்லா சொல்லுதாவ."

"யாரு சொல்றாங்க?"

"ஊர்ல. பொதுவா."

"இவருக்கு அந்தப் பழக்கம் உண்டாம்மா?"

இல்லை என்றேன். பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். ஊக்கு டப்பாவை நினைத்துக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 28

பொட்டலத்தைத் தூரப் போட மறந்துவிட்டேன். ஜாக்கெட் அவசரம்.

மார்ச் 9

தங்கமாரி வந்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தான்.

"மைனி, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"கோவம் வாற மாதிரி சொல்லாதிய."

"அண்ணனுக்கு நாக்குக் கட்டிக்கெடக்கு. ரெண்டு இழுப்பு இழுத்தா அவுந்துரும். எத்தன மேடையில பாத்திருக்கேன். மொத ஆட்டத்துக்குத் திக்கித் திக்கிப் பேசுவாவ. பின்னால போயிட்டு வந்தா அருவிதான். இது என்ன இங்கிலீஷ் மருந்தா? மண்ணுல மொளைச்ச பச்சிலை. சாமியாருவ காலங்காலமா குடிக்கலயா?"

"அந்தச் சாமியாருவள எந்த டாக்டரு போயி சோதிச்சான்? கெளம்புங்க தம்பி. ஒங்க எலுமிச்சம்பழ வைத்தியமே போதும்."

அவன் முகம் செத்துவிட்டது. "கூடிப்போச்சுன்னு நெனச்சேன் மைனி. போதை எறங்கட்டும்னுதான் எலுமிச்சம்பழம் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸாயிரும்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. போய்விட்டான்.

அலமாரித் தட்டில் ஒரு பொட்டலத்தை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அவன் தெருமுனை தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன், கூப்பிடவில்லை. திரும்பினால் அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கம்பை ஊன்றிக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

மார்ச் 17

நஸ்ரின் ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தாள். நாம் பாதி சொல்ல வேண்டும், மீதியை அவர் முடிக்க வேண்டும். "காக்கா கறுப்பு, பால்..." என்று நிறுத்திக் காத்திருந்தாள். அவர் நெற்றியில் வேர்த்தது. "க" என்றார். அப்புறம் கபடி என்றார். அப்புறம் இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். நஸ்ரின் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பழைய மாதிரி பேசுவாவளா?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"பேசுவாங்க அக்கா. மாசக்கணக்குல ஆகும், ஆனா கண்டிப்பா வார்த்தை வரும். பழைய மாதிரியான்னு கேட்டா..." என்று சொல்லிவிட்டுப் படஅட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வழி முழுக்க தங்கமாரி சொன்ன அந்த அருவி என்கிற வார்த்தைதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 26

நாளைக்கு எங்கள் கல்யாண நாள். சேமியாவும் பாலும் வாங்கி வைத்திருக்கிறேன். தங்கமாரியைக் கூப்பிடவில்லை. பீடியைப் பிரித்து எப்படி நிரப்புவது என்று எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாமல் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மார்ச் 28

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எழுத முடியவில்லை.

மார்ச் 31

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கல்யாண நாளன்று சாயங்காலம் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பாயசம் கொடுத்தேன். அப்புறம் நிரப்பி வைத்திருந்த பீடியைப் பற்ற வைத்து அவர் உதட்டருகில் கொண்டு போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி கொண்டு போனேன், மறுபடி திருப்பிக்கொண்டார். என் முகத்தையே பார்த்தார். என்ன பார்வை அது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

"எனக்காவ" என்றேன்.

உடனே வாயைத் திறந்தார்.

மூன்றாவது இழுப்பில் சிரிப்பு வந்தது. சத்தியமாக அதே சிரிப்பு. கண்ணெல்லாம் அதே மாதிரி சுருங்கி, தோள் குலுங்கி, என் மாகாளி வந்து உட்கார்ந்திருந்தார். "கபடி கபடி கபடி" என்று மைக்கில் சொல்வதுபோல வேகமாகச் சொன்னார். நான் கைதட்டினேன். "ஆவுடைன்னு சொல்லுங்க, ஆவுடை" என்று கெஞ்சினேன். அவர் கமெண்டரி சொல்கிறார் என்றே நினைத்தேன். அந்தக் கூட்டம் நினைத்ததும் இப்படித்தான்.

இடது கையால் சட்டையைக் கசக்கிப் பிடித்தார். முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது. நெஞ்சில் கை வைத்தால் உள்ளே ஏதோ ஓடித் திரிகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியோடு சரிந்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள்.

டாக்டரம்மா முன்னால் நிற்கும்போது அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். தெருக்காரர்கள் நாலு பேர் பக்கத்தில் நின்றார்கள். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கஞ்சா குடிப்பாவ டாக்டர். கல்யாணத்துக்கு முந்தியே உண்டு. பொங்கலுக்கு விழுந்தப்பவும் குடிச்சிருந்தாவ."

"இன்னைக்கு?"

"குடிச்சாவ."

"யாரு கொடுத்தது?"

"நான்தான். பேச்சு வரும்னு குடுத்தேன்."

அவள் பேனா நின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "போலீஸுக்குச் சொல்லுவியளா?" என்று கேட்டேன்.

"எனக்கு மருந்து எழுதணும்மா. அதுக்குத்தான் மொத நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஏப்ரல் 2

ஊர்ச் செய்தி எப்படியும் போய்விடும். தங்கமாரி வந்துவிட்டான். பெஞ்சில் எனக்கு ஒரு ஆள் தள்ளி உட்கார்ந்து அழுதான். "நான் வச்சுட்டுப் போனதுதான மைனி" என்றான். ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் ஊக்கு டப்பாவில் இருந்ததும் அவன் வைத்ததும் ஒன்றாகக் கலந்துதான் நிரப்பினேன். அதைச் சொன்னேன்.

அப்புறம் அவன் தானாகப் பேசினான்.

"மேடைக்குன்னு குடிச்சது பாதிதான் மைனி. ஆட்டம் முடிஞ்சு, மைக்கெல்லாம் அவுத்து வண்டியில ஏத்துன பொறவு, கிளம்புத நேரத்துல ஒண்ணு பத்த வைப்பாவ. அதான் பெருசு. 'இனி எதுக்குண்ணே, படுக்கத்தான போறிய'ன்னு கேப்பேன்."

"என்ன சொல்லுவாவ?"

"'வீட்டுக்குப் போணும்லா. சும்மா போனா எனக்குப் பேச்சு வராதுல. அவ மொகம் வாடிரும்'னு சொல்லுவாவ."

நான் எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டேன். அங்கே ஒரு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கழுவி முடிக்கிறவரை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டை டொக் என்று வைப்பேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா.

ஏப்ரல் 3

எனக்காவ என்றதும் அவர் ஏன் உடனே வாயைத் திறந்தார் என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 11

வீடு. மருந்து மாற்றிவிட்டார்கள். கடைசியாக ஒரு தடவை டாக்டரம்மா அவரை நேராகப் பார்த்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இனி பீடியும் கூடாது. அதுவும் கூடாது. ஒரு இழுப்புகூடக் கூடாது. புரிஞ்சா கையத் தூக்குங்க." இடது கையைத் தூக்கினார். கூடவே நானும் தூக்கிவிட்டேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கக்கூஸில் கொட்டி நாலு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மைக் பையின் அந்தச் சின்ன உள்பையைத் தையலைப் பிரித்து எடுத்தேன். துணியை மூக்கருகில் கொண்டு போகவில்லை என்று எழுத வேண்டும். கொண்டு போனேன். அப்புறம் அடுப்பில் போட்டேன்.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. வேப்பம்பூவை நாக்கால் துழாவித் துப்பினார். இன்று: கபடி, அப்புறம் "ச்சீ". நஸ்ரினுக்கு போன் பண்ணிச் சொன்னேன். ச்சீயும் வார்த்தைதான் அக்கா என்று சந்தோஷப்பட்டாள்.

ஏப்ரல் 20

மத்தியானம், கை கால் பயிற்சி எல்லாம் முடிந்த பிறகு, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று காலையிலிருந்தே மெஷின் ஓட்டிக்கொண்டே யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தங்கமாரி சொல்லிட்டான்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் மொகத்தத் தூக்கிவச்சேன். நீங்க சும்மா வந்து உக்காந்திருந்தாப் போதும்னு எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் அது அப்பம் தெரியாது. இப்பமும் ஒங்க பேச்சு வேணும்னு மனசு அடிச்சுக்கிடுது. பொய் சொல்ல மாட்டேன். தெனம் காலைல எந்திரிச்சதும் ஒங்க குரலத்தான் தேடுதேன். ஆனா ஒங்கள வுட்டுட்டு அந்தக் குரல மட்டும் வச்சு நான் என்னத்தச் செய்ய?"

அழுதுவிட்டேன். அவர் இடது கையை நீட்டி, என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டார். கையைப் பிடிக்கத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன், டேப் முதலில் அகப்பட்டுவிட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். அவர் விழிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு ஜாக்கெட் தள்ளிப்போனது.

ஏப்ரல் 27

மழை. கரண்ட் இல்லை. இன்று: கபடி, ச்சீ, "டீ".

மே 5

பக்கத்து ஊரில் கோடைப் போட்டி. ஒலிபெருக்கிச் சத்தம் காற்று வாக்கில் இங்கேவரை வந்தது. யாரோ புதுப் பையன் கமெண்டரி சொல்கிறான், பேச்சில் சூடே இல்லை. ஜன்னலைச் சாத்தலாம் என்று போனேன். இவர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவன் ஏதோ தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும், ஒரு இடத்தில் "ச்சீ" என்றார்.

தங்கமாரி அந்தப் போட்டிக்கு மைக்செட் கட்டப் போகிற வழியில் எட்டிப் பார்த்தான். வாசலிலேயே இரண்டு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினான். "ஒண்ணுமில்ல மைனி, பாத்துக்கிடுங்க" என்றான். உள்ளே வந்து அண்ணனோடு டீ குடித்துவிட்டுப் போனான்.

பொழுது இறங்கியதும் தோசைக்கல்லைப் போட்டேன். கம்புச் சத்தம் கேட்டது. அவராகவே நடந்து வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார், அதே இடத்தில். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த முகத்தில் ஓர் அவமானம் தெரிந்தது. கொண்டு வருகிறேன் என்று சொன்ன பொருளைக் கொண்டு வராமல் வாசலில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, கரண்டியை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கமெண்டரி வராது. குரலும் ஆம்பளைக் குரல் மாதிரி கட்டையாக இருக்கும்.

"இதோ களத்துல எறங்கிட்டாவ... சுரண்டை எக்ஸ்பிரஸ் உச்சிமாகாளி! ஒரு கால இழுத்துக்கிட்டு வாராவ... நெலையப் புடிச்சிட்டாவ! எலாஸ்டிக் லுங்கி, ஏ, எலாஸ்டிக் லுங்கி கட்டுன ஒரே ஆட்டக்காரரு! கம்ப வுடுவாவளா? வுட மாட்டாவ! எங்க வீட்டு ஆளு, வுடவே மாட்டாவ!"

அதற்குமேல் எனக்கு வரவில்லை.

அவர் சிரித்தார். கண் சுருங்கி, தோள் குலுங்கி, வாய் ஒரு பக்கம் மட்டும் ஏறி, எச்சில் வழிய வழியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பொட்டலம் கொண்டு வந்து தருகிறது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். கல்லில் கிடந்த தோசை கருகுகிற வாசனை வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

கருகினதை ஒதுக்கி வைக்கப் போனேன். இடது கையை நீட்டித் தட்டோடு வாங்கிக்கொண்டார். நிலையிலேயே சாய்ந்து நின்று முழுசாகத் தின்று முடித்தார். அப்புறம் தட்டை என் பக்கமாக நீட்டி, கடைசி எழுத்தைத் தூக்கிக் கேட்டார்.

நஸ்ரினுக்காக: இன்று சொன்ன வார்த்தை, கபடி. இன்னொரு தோசை வேண்டும் என்று அர்த்தம்.